வாசத்தில் உப்புப் பார்க்கிறவர்கள்

லா சப்பல், பாரிஸ்
4.11.2012

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். குளிர்தான் நேரத்தோடு வந்துவிட்டது. அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கதைத்தால் எங்களுக்குள் இரண்டாவது நிமிடமே சண்டை வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பாய முடியாது அல்லவா!

விசயத்துக்கு வருகிறேன். உங்கள் மருமகள் ஹேசல் மெட்ரோப் படியில் வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது. பிளாஸ்டர் போட்டிருக்கிறார்கள். தை பிறக்கும்வரை பயணமே வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஒவ்வொரு நத்தாருக்கும் கிறிஸ்மஸ் மரம் வைக்க இங்கிலாந்துக்குத் தாய் தகப்பனிடம் ஓடுகிறவள். தகப்பன் படுக்கையில் இருப்பதால் தாய்க்கும் இங்கே வர வழியில்லை.

போன கிழமை சென் தெனியில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். உங்கள் மகன் சேந்தன் வேலைக்குப் போயிருந்தான். அந்தப் பிள்ளை தனியாக யன்னலோரம் இருந்தது. நத்தாருக்கு என்ன ஆசை என்று கேட்டேன். "பொக்சிங் டே மேசை" என்றாள். நத்தாருக்கு அடுத்த நாள் எல்லாச் சாப்பாட்டையும் ஒரே மேசையில் பரப்பி வைப்பார்களாம். சொந்தக்காரர் எல்லாரும் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னேரம் வரை சுற்றிச் சுற்றிச் சாப்பிடுவார்களாம். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "என்ர வீட்டிலை வைப்பம்" என்றுவிட்டேன், பிரெஞ்சில்தான். அவளுக்கும் பிரெஞ்சு அரைகுறை, எனக்கும் அரைகுறை, அதனால் இரண்டு பேருக்கும் நன்றாக விளங்குகிறது.

வான்கோழிக்குச் சொல்லிவிட்டேன். பன்றித் தொடையும் வாங்குவேன். புடிங்குக்குப் பேரீச்சம்பழக் கேக் ஒன்றை வாங்கி இடியப்பச் சட்டியில் அவிக்கலாம் என்று யோசனை. கிரேவிக்கு எங்கள் இறைச்சிக் குழம்பையே தண்ணியாக்கி விட்டால் போகிறது. சரிதானே அக்கா?

உங்களை வரச்சொல்லிக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லுவீர்கள் என்று தெரியும்.

அன்புத் தங்கை,
சிவரஞ்சினி


லண்டன்
11.11.2012

அன்பான ரஞ்சிக்கு,

அத்தானின் முழங்கால் இருக்கட்டும். உன் கடிதத்தை வாசித்து எனக்குத்தான் தலையிடி.

முதலாவது, "உங்கள் மருமகள்" என்று எழுதாதே. என் ஒரே பிள்ளை எனக்குச் சொல்லாமல் போய்ப் பதிவுத் திருமணம் செய்துவிட்டு ஒரு படத்தை அனுப்பினான். தாயென்று ஒருத்தி இங்கே இருக்கிறாள் என்று நினைத்தானா? அவன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னேன். இரண்டு வருடம் போயும் அதே சொல்தான். அந்தப் பெட்டையின் கால் சுகமாகட்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, பேரீச்சம்பழக் கேக்கை அவிக்கப் போகிறாயா? உனக்கென்ன விசரா? முதியோர் இல்லத்துக் குசினியில் எத்தனை வருடமாக வெள்ளைக்காரக் கிழவிகளுக்கு நத்தார்ச் சாப்பாடு சமைக்கிறேன்! மச்சம் வாயில் வைக்காத சைவக்காரி நான், வாசத்திலேயே உப்புப் பார்த்துத்தான் அத்தனையும் செய்கிறேன். இன்றுவரை ஒரு கோப்பையும் திரும்பி வந்ததில்லை. என் தங்கச்சி இறைச்சிக் குழம்பைத் தண்ணியாக்கிக் கிரேவி என்று ஊற்றினாள் என்று கேள்விப்பட்டால் அந்தக் கிழவிகள் எழும்பி அடிக்க வருவார்கள்.

கேள். முந்திரிகை வற்றல், தோடம்பழத் தோல், கறுவா, சாதிக்காய், பாண் தூள், கறுத்த சீனி. அவர்கள் மாட்டுக்கொழுப்பு போடுவார்கள், நான் அதைத் தொடமாட்டேன். பட்டர் போடு, ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். இரண்டு முட்டை அடித்து ஊற்று. எல்லாவற்றையும் ஒரு இரவு ஊறவிட்டு, சட்டியை இறுக்கிக் கட்டி, அடுத்த நாள் முழுக்க அவி. தண்ணீர் வற்ற விடாதே. பிறகு ஒரு மாதம் மூடி வை, இப்போதே தொடங்கினால்தான் சரி. கிரேவிக்கு வெங்காயத்தை மண்ணிறமாகும்வரை பொறுமையாக வதக்கு. உனக்குத்தான் பொறுமை கிடையாது, கஜனியை நிற்கவிடு. உன் மகளுக்காவது இருக்கிறதா பார்ப்போம்.

இதெல்லாம் அவளுக்காக இல்லை. ஒரு சாப்பாட்டைப் பிழையாகச் செய்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது.

அக்கா,
கலாவதி


லா சப்பல், பாரிஸ்
20.11.2012

அன்பின் அக்கா,

புடிங் அவிந்துவிட்டது! மாடிப்படியெல்லாம் கறுவா வாசம். கீழ்வீட்டு மார்ட்டினிக் தீவுக்கார மனுசி கதவைத் தட்டி என்ன விசேடம் என்று கேட்டா. கஜனி வெங்காயம் வதக்கிப் பழகுகிறாள், பிரெஞ்சில் என்னைத் திட்டிக்கொண்டு.

என் மனுசன் அருட்பிரகாசம்தான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். பிரெஞ்சு ரெஸ்டோறண்டில் தலைமைச் சமையல்காரராம், அவர் வீட்டில் இங்கிலீசுச் சாப்பாடாம், முதலாளி மார்செல் கேட்டால் மானம் போய்விடுமாம். அடுத்த நாள் பார்த்தால் சட்டியைத் திறந்து மணந்துகொண்டு நிற்கிறார்.

ஒரு புதினம் தெரியுமா? கஸ்டர்ட் மா, கறுத்த சீனி என்று இங்கிலாந்துச் சாமான்களைப் பாரிஸ் முழுக்கத் தேடித் திரிந்தேன். கடைசியில் எல்லாம் நான் வேலை செய்யும் அரியரத்தினம் அண்ணையின் கடையிலேயே, அப்பளப் பெட்டிக்குப் பின்னால் இருந்தன. லண்டனிலிருந்து வரும் லொறியில் அவையும் சேர்ந்து வருகின்றனவாம்.

ஞாயிற்றுக்கிழமை சேந்தன் வந்தான். வாசத்தைப் பிடித்துவிட்டு, "சித்தி, ஆர் சொல்லித் தந்தது?" என்றான். உங்கள் பெயரைச் சொன்னேன். எழும்பிப் போய், கேட்காமலே சட்டி முட்டி எல்லாவற்றையும் கழுவினான். கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

வாருங்கள் அக்கா. இருபத்தாறாம் திகதி பிரான்சில் வேலை நாள்தான், ஆனால் சேந்தன் லீவுக்குக் கொன்ஜே எழுதிக் கொடுத்துவிட்டான், இவரும் எடுக்கிறார். அவன் வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. என் வீட்டுக்குத்தான்.

ரஞ்சி


லண்டன்
27.11.2012

ரஞ்சி,

உன் வீட்டுச் சுவரில் கலண்டர் இல்லையா?

அத்தான் மூன்று நாளாகக் கெஞ்சினார். சரி, தங்கச்சி வீடுதானே என்று மனதைத் தேற்றி, இரண்டு பேருக்கும் ரெயில் ரிக்கற் பார்க்கக்கூடச் சொன்னேன். பிறகுதான் கலண்டரைப் புரட்டினேன். பத்தொன்பதாம் திகதி திருவெம்பாவை தொடங்குகிறது. இருபத்தெட்டில் திருவாதிரை. நீ நடு விரதத்தில் வான்கோழியும் பன்றித் தொடையும் பரப்பி வைத்து என்னைக் கூப்பிடுகிறாய்! இல்லத்தில்கூட அந்தப் பத்து நாளும் லீவு கேட்டு எடுத்து, இறைச்சிச் சட்டிக்குப் பக்கத்தில் போகாதவள் நான். அம்மா இருந்த காலத்தில் விடியவெள்ளன எழுப்பிக் குளிக்க வைத்ததெல்லாம் உனக்கு மறந்துபோச்சா?

உன்னைப் பிழை சொல்லியும் பயனில்லை. வெள்ளைக்காரப் பெட்டைக்கு இறைச்சி இல்லாமல் என்ன கொண்டாட்டம்? அவள் ஆசைப்பட்ட மேசையை என்னால் குழப்ப வேண்டாம். எனக்கும் அவளுக்கும் ஒரு மேசையில் இடமில்லை என்று கடவுளே கலண்டரில் எழுதி வைத்திருக்கிறார் போல.

சேந்தன் கண்ணைத் துடைத்தான் என்று எழுதினாய். அந்த இடத்தை நான் மறுபடி வாசிக்கவில்லை, வாசிக்க ஏலவில்லை. ரிக்கற் வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லிவிட்டேன்.

கலாவதி


லா சப்பல், பாரிஸ்
4.12.2012

என் அன்பு அக்கா,

இந்தக் கடிதத்தை இருந்துகொண்டு வாசியுங்கள்.

ஐயோ, என் புத்தியை என்னவென்று சொல்வது! கலண்டர் இருக்கிறது, ஐப்பசியிலேயே நிற்கிறது. நீங்கள் ரிக்கற் வரைக்கும் போனீர்கள் என்று வாசித்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? நேரே சென் தெனிக்கு ஓடினேன். அந்தப் பிள்ளையிடம் இறைச்சி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, மனம் உடைந்துவிடுமே என்று ரெயில் முழுக்க ஒரே யோசனை. போய், விரதத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளங்கப்படுத்தினேன். மேசையில் வான்கோழி வைக்க முடியாது, மன்னித்துக்கொள் பிள்ளை என்றேன்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள் அக்கா! பிளாஸ்டர் கால் ஆடஆடச் சிரித்தாள். "சித்தி, நான் சின்ன வயசிலையே இறைச்சி மீன் விட்டிட்டன். எங்கடை வீட்டிலை வான்கோழி அப்பாவுக்கு. எனக்கு அம்மா எப்பவும் முந்திரிப்பருப்பும் பாணும் போட்டு நட் ரோஸ்ட்தான் செய்யிறவ" என்றாள்.

இரண்டு வருடமாக அவள் வந்த ஒவ்வொரு முறையும் ஆட்டிறைச்சிக் கறி வைத்தேனே! அவள் சோறும் பருப்பும்தான் சாப்பிடுவாள். உறைப்புத் தாங்காது போல என்று நினைத்து அடுத்த முறை இறைச்சிக்குத் தூளைக் குறைத்து, இன்னும் இரண்டு துண்டு கூட வைப்பேன். அதெல்லாம் மேசைக்குக் கீழால் சேந்தனின் கோப்பைக்குப் போயிருக்கிறது. அதுதான் அவனுக்கு வயிறு முன்னுக்குத் தள்ளி வண்டி வைத்திருக்கிறது!

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?" என்று கேட்டேன். "அவ்வளவு ஆசையாச் சமைச்சீங்கள், எப்பிடிச் சொல்லுறது? நீங்களும் கேக்கேல்லை" என்றாள்.

சேந்தன் குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றான். "அம்மாட்டைச் சொல்லத்தான் நினைச்சனான். அம்மா போனை எடுத்தால்தானே" என்றான்.

வெள்ளைக்காரி என்றால் இறைச்சிதான் என்று நானும் நினைத்தேன், நீங்களும் நினைத்தீர்கள். வான்கோழியை மார்செல் தன் ரெஸ்டோறண்டுக்கு எடுத்துக்கொண்டார். என் வீட்டு மேசை இப்போது முழுச் சைவம். நட் ரோஸ்ட் எப்படிச் செய்வது என்று எனக்கு எழுதப்போகிறீர்களா, இல்லை வந்து செய்யப்போகிறீர்களா?

ரஞ்சி


லண்டன்
10.12.2012

ரஞ்சிக்கு,

கடிதத்தை அத்தானுக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். "இரண்டு வருசமா ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். பேப்பரிலிருந்து தலை நிமிராமல், "நீர் கேட்டனீரோ?" என்கிறார். மனுசனுக்கு இப்போதெல்லாம் வாய் கூடிவிட்டது. பெட்டியை வேறு இப்போதே அடுக்கி வைத்துவிட்டார்.

இருபத்துநாலாம் திகதி வருகிறோம். நட் ரோஸ்டை நீ தொடாதே. கஜு, வோல்நட், பாண் தூள், கிழங்கு மட்டும் வாங்கி வை. கேக்கும் கஸ்டர்ட்டும் அடுக்கும் ட்ரைஃபிளுக்குக் கடை ஜெலி வேண்டாம், அது எலும்பில் செய்வது. கடற்பாசி வாங்கு. நீ அவித்த புடிங்கில் முட்டை இருக்கிறது, அதை மற்றவர்கள் சாப்பிடட்டும், எனக்கு ஒரு சின்னது நானே அவித்துக் கொண்டுவருகிறேன். பிராண்டி ஊற்றிக் கொளுத்துவதென்றால் என் பக்கம் கொண்டுவராதே.

அந்தப் பிள்ளை அதிக நேரம் நிற்கக் கூடாது, நல்ல கதிரை ஒன்று போடு. ஆனால் ஒன்று: உன் வீட்டுக்குத்தான் வருகிறேன். அவன் வீட்டு வாசல் மிதிப்பது என்ற கதையே எடுக்காதே. சொன்னது சொன்னதுதான்.

அக்கா


லா சப்பல், உன் குசினி மேசை
28.12.2012

ரஞ்சி,

நீ கடைக்குப் போனபிறகு இதை எழுதி, சீனிப் பேணிக்குக் கீழே வைக்கிறேன்.

அன்றைக்கு மேசையை நீ பார்த்தாய், பிரகாசம் தம்பி மூன்று தரம் புடிங் எடுத்ததையும் பார்த்தாய். குசினிக்குள் நடந்தது உனக்குத் தெரியாது. கிரேவி கொதித்துக்கொண்டிருந்தது. விரத நாளில் பூசை முடியாமல் நான் வாயில் வைக்கமாட்டேன். அந்தப் பிள்ளை கதிரையில் இருந்தபடி, தானும் ருசி பார்க்காமல், சட்டிப் பக்கம் குனிந்து மணந்துவிட்டு, "மாமி, உப்பு கொஞ்சம் குறைவு" என்றது. தமிழில் சொன்னது, ரஞ்சி. நான் மணந்து பார்த்தேன். உண்மையிலேயே குறைவு! சின்ன வயதில் இறைச்சியை விட்டபிறகும் தகப்பனுக்குத் தன் கையாலேயே இறைச்சி சமைத்துக் கொடுத்ததாம். அப்படிப் பழகிய மூக்காம். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு ஆளை நான் கண்டதில்லை.

பிறகு சேந்தன் கோப்பை துடைக்க வந்தான். "அம்மா, உங்களுக்குச் சொல்லாமல் கலியாணம் எழுதினது பிழைதான். நீங்கள் வேண்டாமெண்டால் நான் செத்துப்போவன் எண்டு பயந்திட்டன்" என்று அழுதான். "முதல் அந்தக் கோப்பையை ஒழுங்காத் துடை" என்று சொன்னேன். வேறென்ன சொல்ல? எனக்கும் அழுகைதான் வந்தது. அந்தச் சந்தோசத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்குத் திருவாதிரை. விடியக் கோயிலுக்குப் போய் வந்துவிட்டோம். பிரசாதம் கட்டி வைத்திருக்கிறேன். என் மருமகளிடம் கொண்டுபோகிறேன். அவர்கள் வீட்டு லிப்ட் நேற்றிலிருந்து பழுதாம், அவள் பிளாஸ்டர் காலோடு கீழே இறங்க ஏலாது, நான்தான் நாலு மாடி ஏறவேணும். அவ்வளவும் ஏறிப்போட்டு வாசல் மிதிக்காமல் திரும்பி வர எனக்கென்ன விசரா?

திரும்பும் ரிக்கற்றை அத்தான் மாற்றிவிட்டார். அவளுக்குப் பிளாஸ்டர் வெட்டும்வரை அங்கேதான் நிற்போம். இடியப்பச் சட்டியையும் எடுத்துக்கொண்டு போகிறேன், தேடாதே.

பேரீச்சம்பழக் கேக்கை அவிக்கப் போகிறேன் என்று எழுதினாயே, அது எனக்குப் போட்ட தூண்டில் என்று முதல் கடிதத்திலேயே தெரியும். உன்னைவிட நான் ஏழு வயது மூப்பு, மறந்துவிடாதே.

அக்கா