அழாத பிள்ளை

செவ்வாய்க் குடியிருப்பு. மருத்துவர் தில்லைநாயகியின் பதிவு.

நாள் 611, காலை 8:20
காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. செல்வமும் மாதங்கியும் வண்டியை எடுத்துக்கொண்டு பாறை வெட்டப் போயிருக்கிறார்கள், மாலையில்தான் திரும்புவார்கள். அவர்கள் மகள் நாச்சி என் பொறுப்பில். ஐந்து வயது, இங்கே இருக்கும் ஒரே குழந்தை. இருட்டுக்குப் பயந்து அழாமலிருக்கப் பூமியிலிருந்து வரும் மாத்திரையைச் சமர்த்தாக விழுங்கினாள்.

காலை 9:45
சொப்புச் சாமான் வைத்து விளையாடக் கூப்பிட்டேன். பொம்மைக்குச் சோறூட்டச் சொன்னால், அது பிளாஸ்டிக் என்கிறாள். கதை சொன்னால், நரியைக் காட்டு என்கிறாள். காட்டாவிட்டால் எழுந்து போய்விடுகிறாள்.

மாத்திரை பயத்தோடு கற்பனையையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டது என்று போன மாதமே பூமிக்கு எழுதினேன். வந்த பதில்: "புள்ள நிம்மதியாத் தூங்குதுல்ல டாக்டர்? பொம்மைக்குச் சோறூட்டி என்ன ஆகப்போகுது?" எனக்கு வந்த எரிச்சலை இங்கே எழுத முடியாது.

காலை 11:10
கிடங்கில் மாட்டிக்கொண்டேன். சுவரில் கசிவு, கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. வெளியே நடைபாதையில் உள்ள சிவப்புக் கைப்பிடியை இழுத்தால்தான் திறக்கும். அங்கே நாச்சி மட்டும்தான் இருக்கிறாள். வண்டியோடு தொடர்பு கிடைக்கவில்லை. மாலைவரை காற்று தாங்காது.

காலை 11:25
இன்டர்காமில் நாச்சி: "செவப்பத் தொடக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்கு."

காற்று தீர்ந்தால் அத்தை செத்துப்போவேன் என்றேன்.

"நல்லாத்தானே பேசுறீங்க?"

இன்னும் நடக்காத ஒன்றை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

காலை 11:50
கெஞ்சினேன். மிரட்டினேன். கத்தினேன். அத்தை இல்லாத வீட்டை நினைத்துப் பார் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சாவதற்குப் பயமாக இருக்கிறது. அவள் குரலில் துளி பயமில்லாதது அதைவிடப் பயமாக இருக்கிறது.

பகல் 12:15
விரல் மரத்துவிட்டது. செல்வம், மாதங்கி, பிள்ளையைத் திட்டாதீர்கள். மாத்திரையை நிறுத்துங்கள். அழட்டும். கட்டிலுக்கடியில் பூதம் இருக்கிறதென்று அலறட்டும்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. பேசாமல் இருந்து பார்க்கிறேன். சத்தம் நின்றால் எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அவளுக்குத் தோன்றாதா

12:22
"அத்தே?"

வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அத்தே, பேசி முடிச்சிட்டீங்களா?"

யோசிம்மா. யோசி.

"சரி, அணைச்சிடுறேன்."

இன்டர்காம் விளக்கு போய்விட்டது. கத்துகிறேன் கேட்காது. இந்தப் பக்கமிருந்து அதைப் போட முடியாது