பள்ளத்தை மூடிய மைதானம்

கற்பிட்டி வீதி, புத்தளம்.
ஜூலை 14, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ஜவ்பருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் அல்லாஹ்வின் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் கட்டார் வெயிலில் வாடிப்போகாமல் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். தினமும் தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கிற உம்மா திடீரென்று ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். தொலைபேசியில் நான் ஒரு சொல் சொன்னால் நீ ஒன்பது சொல் சொல்வாய், உன் அறையில் இருக்கிற பிள்ளைகளும் எட்டிப் பார்த்து ஸலாம் சொல்வார்கள், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். கடிதத்தில் நீ குறுக்கே கதைக்க முடியாது. லீவு முடிந்து நாளை புறப்படுகிற ஹுனைஸிடம் இதையும் கொஞ்சம் கட்டாக் கருவாட்டையும் கொடுத்து அனுப்புகிறேன், கருவாட்டை முதலில் தின்றுவிட்டு ஆறுதலாகப் படி. வாப்பாவுக்கு நான் எழுதுவது பிடிக்கவில்லை, தூரத்தில் இருக்கிற பிள்ளையின் மனதை ஏன் உடைக்கிறாய் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும். விஷயம் மைதானத்தைப் பற்றியது. அதன் நடுவே வாய்க்கால் வெட்ட வேண்டும், அதற்கு நீ சம்மதம் சொல்ல வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நீயும் உன் கூட்டாளிமாரும் அங்கே வெயிலில் உழைத்துச் சேர்த்து அனுப்பி, அந்தப் பள்ளத்தில் கிறவல் மண் கொட்டி உயர்த்தி மைதானமாக்கியதை நான் குறை சொல்ல வரவில்லை. இந்த ஊரில் மனிதன் மூச்சுவிட வேறு எந்த இடம் இருக்கிறது. கடற்கரையில் கால் வைக்க முடியாதபடி ஹோட்டல் வேலி, சோளகக் காற்று தொடங்கிவிட்டால் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் ஓடுகிற வெள்ளைக்காரருக்குத்தான் அந்தக் காற்றும் கடலும், நம் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். கடல் உள்ளே வந்து தேங்கி நிற்கிற களப்புப் பக்கம் போனால் முழங்கால் சேறு. மைதானம் வந்த பிறகுதான் பையன்கள் சந்தியில் கூடி நிற்பதும் ஐஸ் போதைக்குப் பின்னால் போவதும் குறைந்தது. இப்போதெல்லாம் அடிக்கிற வெயிலுக்குப் பகலில் வெளியே தலைகாட்ட முடியாது, அஸர் தொழுதுவிட்டு வெயில் தாழ்ந்ததும் பெண்கள் நாங்களும் மைதானத்து ஓரமாக நடக்கத் தொடங்கினோம். என் சீனி வருத்தம் குறைந்ததற்கு டொக்டரின் குளிசையைவிட அந்த மைதானம்தான் காரணம். மைதானத்துக்குப் பின்வரிசை வீட்டு உம்மு குல்சூம் மாமியும் நானும் ஒன்றாகத்தான் நடப்போம், அவள் நடக்க வருகிறாளா ஊர்க்கதை கேட்க வருகிறாளா என்று தெரியாது, நானும் அப்படித்தான். அங்கே உன் பெயரைச் சொல்லி எத்தனை பேர் துஆச் செய்தார்கள் என்று முன்பே சொல்லியிருப்பேன், உனக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்று சொல்லவில்லை.

கார்த்திகையில் அந்தப் புயல் அடித்தபோது கொஞ்சம் தண்ணீர் வந்தது, வடிந்துவிட்டது என்று உனக்குச் சொன்னோம். எங்கள் வாசலில் கொஞ்சம்தான் வந்தது, அது பொய் இல்லை. பின்வரிசையைப் பற்றித்தான் நாங்கள் வாய் திறக்கவில்லை. முன்பெல்லாம் எவ்வளவு மழை பெய்தாலும் தோட்டங்களில் இருந்து வருகிற தண்ணீர் அந்தப் பள்ளத்தில் இறங்கித் தேங்கி, பிறகு மெல்ல மெல்லக் களப்புக்குப் போய்விடும். நாம் எல்லாரும் அதை நுளம்பு வளர்க்கிற குழி என்று ஏசினோம், அது செய்த வேலை யாருக்கும் தெரியவில்லை. இந்தத் தடவை தண்ணீருக்கு இறங்க இடம் இல்லை, மைதானம் மேடாக நின்றது, தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு பின்வரிசை வீடுகளுக்குள் போனது. உம்மு குல்சூம் வீட்டில் ஜன்னல் மட்டத்துக்கு நின்றது. பாரிசவாதம் வந்து கட்டிலோடு கிடந்த அவள் புருஷன் செய்னுலாப்தீன் மாமாவைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடியது உன் மைதானத்துப் பையன்கள்தான், அதையும் சொல்ல வேண்டும். மைதானத்தில்தான் கொண்டுபோய் வைத்தார்கள், அந்தப் பக்கம் தண்ணீருக்கு மேலே தெரிந்த இடம் அது ஒன்றுதான். அந்த மனுஷன் ஒரு தறப்பாளைப் போர்த்திக்கொண்டு அங்கே இருந்தபடியே தன் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நனைவில் பிடித்த சளி நெஞ்சில் இறங்கித்தான் அவர் மாசியில் மௌத்தானார். உனக்கு வயதுபோன வருத்தம் என்று மட்டும் சொன்னோம்.

ஊரில் யாரும் உன்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. நான் போனால் பெண்கள் கதையை மாற்றிவிடுகிறார்கள், அதுதான் என்னைக் கொல்கிறது. எனக்கு உன்மேல் கோபமும் வரவில்லை மகன், வந்தால் எவ்வளவு லேசாக இருக்கும், நல்லது செய்தவன்மேல் எப்படிக் கோபப்படுவது. பள்ளிவாசல் நிர்வாகம் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் களப்புக்கு விடலாம் என்கிறது. ஓரமாக வெட்டலாமே என்று நீ கேட்பாய், வாப்பாவும் அதைத்தான் கேட்டார். ஒரு பக்கம் பள்ளிக்கூட மதில், மறுபக்கம் வீடுகள், பழைய பள்ளத்தின் தாழ்வும் நடுவில்தான் போகிறதாம். நடுவில் வெட்டினால் அதற்குப் பிறகு பந்து விளையாட முடியாது, அது எனக்கும் தெரியும். விளையாட்டுக் கழகத்துத் தலைவன் ஃபஸ்லான் கூட்டத்தில் எழும்பி, ஜவ்பர் நானா கஷ்டப்பட்டு செஞ்சு தந்தது, அவர் சொன்னா மம்பட்டிய நானே பிடிக்கிறன், அவர் சொல்லாம ஒரு புடி மண்ணும் எடுக்க உடமாட்டோம் என்று சொல்லிவிட்டான். இன்னொருவன், அப்ப நாங்க எங்க போய் விளையாடுற என்று கேட்டான். 

போன கிழமை, இந்தக் கோடையில், நாம் கேள்விப்படாத மழை ஒன்று பின்னேரம் கொட்டியது. மழைக்கும் மாதம் மறந்துவிட்டது. கருகிக் கிடந்த தோட்டத்தை நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு குடையோடு உம்மு குல்சூம் வீட்டுக்குப் போனேன். நான் போகும்போது மழை விட்டிருந்தது, வாசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. உள்ளே அவளும் மகள் அஸ்னாவும் குர்ஆனையும் அரிசி வாளியையும் துணிமணிகளையும் அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டுக் கட்டிலில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். மாரி மழைக்கு முன் மன்னாருக்கே போகப் போகிறோம் என்றாள் உம்மு குல்சூம், தம்பியின் வளவில் ஒரு கொட்டில் போட்டுக்கொள்ளலாமாம். தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது உடுத்த உடுப்போடு அங்கிருந்து வந்தவள், பிள்ளை பெற்றதும் புருஷனை அடக்கியதும் இந்த மண்ணில்தான். அண்டைக்கு விரட்டினது ஆரெண்டு சொல்லலாம், இப்ப ஆரச் சொல்லுற, நம்மட புள்ளைகள் நல்லதுக்குப் போட்ட மண்தானே என்றாள். எனக்குத் தாங்கவில்லை. அவள் கையைப் பிடித்து, போக வேண்டாம், ஜவ்பர் ஃபஸ்லானிடம் சொல்வான், மாரிக்கு முன் வெட்டிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமலே உன் வாக்கை நான் கொடுத்துவிட்டேன். வீட்டில் தண்ணீர் நின்றவள், புருஷனைப் பறிகொடுத்தவள், அவள் அப்போது என்னிடம் என்ன கேட்டாள் தெரியுமா. ஹவ்வா ராத்தா, மைதானத்த வெட்டினா ஒங்கட மகன்ட மனசு நோகாதா என்று கேட்டாள். நான் குடையை எடுத்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன். அவளுக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

அல்லாஹ் உன் கையை எப்போதும் கொடுக்கிற கையாகவே வைத்திருக்கட்டும், கொடுத்ததை நீயே வெட்டச் சொல்கிற தைரியத்தையும் தரட்டும், உன் உழைப்பில் பரக்கத் செய்யட்டும். வெயிலில் நிற்கும்போது தண்ணீர் குடிக்க மறக்காதே. வருகிற வெள்ளி போக அடுத்த வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு இதை முடிவெடுக்கப் பள்ளிவாசலில் கூடுகிறார்கள். அதற்குள் ஃபஸ்லானுக்குத் தொலைபேசி எடுத்து உன் வாயாலேயே சொல், எழுதி அனுப்பாதே, உன் குரலைக் கேட்டால்தான் பையன்கள் நம்புவார்கள். எனக்கு முதலில் எடுக்காதே, உன் குரலைக் கேட்டால் வெட்ட வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன்.

உனக்காக எந்நேரமும் கையேந்துகிற
உம்மா,
ஹவ்வா லத்தீப்