பெருவிரல் மை

அண்ணா,

ஆரல்வாய்மொழி நிலத்தை கரண்டு எடுக்குற காத்தாடிக் கம்பெனிக்கு நீ தனியா வித்ததை உன் வீட்டுக்காரி மைனி சொல்லித்தான் அறிஞ்சேன். அம்மா சாகதுக்கு முன்னாடி உனக்கே எழுதித் தந்தாளாம், பெருவிரல் வச்சு.

தெருவுல பாதிப் பேருக்கு மனு எழுதிக் குடுத்தவளுக்கு கையெழுத்துப் போடத் தெரியாதா? நினைவில்லாம கிடந்தவ விரலைப் பிடிச்சு நீதானே அமுக்கின?

பிணத்தைக் குளிப்பாட்டும்போது அவ விரல்ல ஊதா மை இருந்துது. முந்தின நாள் அவ ரெட்டைவடச் சங்கிலியை நீ எனக்குத் தந்தது எதுக்குன்னு அப்பதான் புரிஞ்சுது. சித்தி பாக்கதுக்குள்ள மஞ்சளைத் தேச்சு நானே மையைக் கழுவினேன்.

உன்னைக் கள்ளன்னு எழுதத்தான் உக்காந்தேன். சங்கிலி இப்பமும் என் கழுத்துலதான் கிடக்கு. கழட்ட மனசு வரல.

உனக்குக் கூட்டு நின்ன
தங்கச்சி