கைமாறிய மண்வீடு

பான்,
ஜெர்மனி,
நவம்பர் 9

அன்பு மகள் கஜந்திக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் சுகம். யப்பானில், நாரா நகரத்துக் குளிரில் நீயும் சுகமாய் இருக்க வேண்டுமென்று அம்மா தினமும் விளக்கேற்றுகிறாள். கடிதத்தைக் கண்டதும் யாருக்கு என்ன ஆனதோ என்று பதறாதே. நீ போன் எடுக்கிற நேரமெல்லாம் நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுகிறேன் என்பது இதற்குள் உனக்கு விளங்கியிருக்கும். உனக்கு முகம் காட்ட வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அம்மாவின் முழங்கால் வலி முன்னைப்போலத்தான். டொக்டரைப் பார்க்க ரெர்மின் கிடைத்திருக்கிறது, நாள் குறித்துத் தந்தது தை மாதத்துக்கு. அதுவரை வலி பொறுத்திருக்க வேண்டுமாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆஹென் நகரத்தில் என் கூட்டாளி தபோதரன் புதுவீடு குடிபுகுந்த அன்று நடந்ததை நீ போனுக்குள்ளால் பார்த்தாய். ஆனால் நீ அனுப்பிய மண்வீடு அங்கே எப்படிப் போனது என்று இன்றுவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது புளுகியிருப்பேன். நீ கேட்காமல் விட்டதுதான் என்னைத் தின்கிறது.

என் அறுபதாவது பிறந்தநாளுக்கு வந்த பெட்டியைத் திறந்தபோது, உள்ளே சிவப்பு மண்ணில் ஒரு சின்ன வீடு. செங்குத்தான கூரை, முகட்டின் குறுக்கே வரிசையாய் உருளைக் கட்டைகள், சுவரில் உன் விரல் பட்ட தடம். நீ போனில், "எல்லாரும் வீடு வாங்கிட்டினம், எனக்குத்தான் வீடில்லையெண்டு சொல்லுவியள் எல்லே அப்பா? இந்தாங்கோ, உங்களுக்கொரு வீடு" என்று சிரித்தாய். பிறகு, இது ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முந்திய யப்பான் வீட்டின் மாதிரி, இதற்குப் பெயர் ஹனிவா என்று நிறையச் சொன்னாய். நான் "ஓம், ஓம்" என்றபடி டீவியில் பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் கோபமும் வந்தது. மற்றவர்களின் பிள்ளைகள் பெற்றோருக்கு வீடு வாங்கிக் கொடுக்க, என் பிள்ளை படித்துப் படித்து மண்ணில் வீடு செய்கிறாளே என்று.

தபோதரனின் குடிபூரலுக்கு என்ன கொண்டுபோவது என்று யோசித்தபோது அந்த வீடு கண்ணில் பட்டது. குத்துவிளக்குக் கொண்டுவர எத்தனையோ பேர் இருப்பார்கள், யப்பான் சாமான் என்றால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மா, "பிள்ளை உங்களுக்கெண்டு செய்தது" என்று மறித்தாள். "அவள் இன்னொண்டு செய்வாள்" என்றேன். பளபளக்கிற தாளில் சுற்றிக் கொண்டுபோய், மகள் உங்கள் புதுவீட்டுக்கென்றே அனுப்பினவள் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிக் கொடுத்தேன். தபோதரனின் மனைவி இராஜேஸ்வரி அதற்குச் சந்தனமும் குங்குமமும் பூசி நிறைகுடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர்களின் மகள் அஜிதா உனக்கு நன்றி சொல்லவென்று வீடியோவில் கூப்பிடுவாள் என்று நான் கண்டேனா? அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் செய்த வீட்டை அங்கே பொட்டோடு கண்டதும் உன் முகம் போன போக்கு எனக்கு மட்டும்தான் விளங்கியது. இது என்னக்கா என்று அஜிதா கேட்க, ஹனிவா என்று மட்டும் சொன்னாய். பக்கத்தில் நின்ற அவர்களின் மருமகன் யதுசன் தன் போனில் தேடி, அந்தக் காலத்தில் அரசர்களைப் புதைத்த மேட்டின்மேல் வைக்கிறதாம் என்று எல்லாருக்கும் வாசித்தான். இராஜேஸ்வரி, "பால் காய்ச்சிற நேரத்திலை செத்தவீட்டுச் சாமானே!" என்று அழத் தொடங்கினாள்.

அப்போது நான், "உவளுக்கு உதுகள் ஒண்டும் தெரியாது. கடையிலை கண்டதை வாங்கி அனுப்பிப்போட்டாள்" என்றேன். நீ இத்தனை வருடமாய்ப் படிப்பதே அந்த மண்ணுருவங்களைத்தான் என்று தெரிந்தும் சொன்னேன். போனுக்குள் நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்தும் சொன்னேன். ஒரு வார்த்தை மறுத்திருந்தால் என் மானம் அந்த இடத்திலேயே போயிருக்கும். நீயோ, "ஓம் மாமி, பிழை என்ரைதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாய். நீ காப்பாற்றித் தந்த மானத்தோடு நான் அன்று பந்தியில் இருந்து சாப்பிட்டேன், பிள்ளை. இரண்டாவது வடையும் கேட்டு வாங்கினேன்.

பிறகு நகர நூலகத்தில் பழைய யப்பானின் கலை பற்றிய ஒரு ஜெர்மன் புத்தகத்தை எடுத்துவந்து, அகராதியும் கையுமாக வாசிக்கிறேன். அந்தக் காலத்து மரவீடுகளில் ஒன்றுகூட இன்று நிற்கவில்லையாம். மேடுகளில் வைத்த மண்வீடுகளைப் பார்த்துத்தான் கூரை எப்படி இருந்தது, வாசல் எப்படி இருந்தது என்று அறிகிறார்களாம். இசே என்ற கோயிலை இருபது வருடத்துக்கு ஒருமுறை பக்கத்து நிலத்தில் பழையபடியே புதிதாய்க் கட்டுகிறார்களாம். அதன் முகட்டிலும் உன் வீட்டில் இருந்த அதே குறுக்குக் கட்டைகள்! அம்மாவைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். "இதைத்தானே பிள்ளை அண்டைக்குச் சொன்னவள்" என்றாள். நான் கேட்காததெல்லாம் அவள் கேட்டிருக்கிறாள்.

போன சனிக்கிழமை ரயிலேறி ஆஹென் போனேன். மண்வீடு கராச்சுக்குள், குளிர்கால டயர்களுக்குப் பின்னால் கிடந்தது. முகடு உடைந்து இரண்டு கட்டைகள் கழன்றிருந்தன. பொட்டு மட்டும் அப்படியே இருந்தது. இராஜேஸ்வரியிடம் வாசலில் வைத்தே சொல்லிவிட்டேன்: இதைப் பிள்ளை எனக்குத்தான் செய்தவள், உங்களுக்கென்றது என் புளுகு, அவளுக்கு எல்லாம் தெரியும், ஒன்றும் தெரியாதவன் நான் என்று. அவள், "அண்ணை, நாங்கள் அந்தப் பிள்ளையை எவ்வளவு பேசிப்போட்டம்" என்றாள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். உள்ளே போக எனக்கு முகமில்லை. தபோதரன்தான் உடைந்த துண்டுகளைப் பேப்பரில் சுற்றித் தந்தான்.

வரும்போது வீட்டை மடியில் வைத்திருந்தேன். எதிரே இருந்த ஜெர்மன்காரப் பெண் அது என்னவென்று கேட்டாள். என் மகள் எனக்குக் கட்டித் தந்த வீடு என்றேன். இந்த ஒரு வசனத்தை அன்று தமிழில் சொல்லியிருக்கலாம்.

இப்போது அது எங்கள் முன்னறையில், வருகிறவர்கள் முதலில் காணும் இடத்தில் இருக்கிறது. பொட்டைத் துடைத்துவிட்டேன். அம்மா பசை வாங்கிவந்தாள், நான் தொட விடவில்லை. எந்தத் துண்டு எங்கே போகும் என்று தெரிந்தவள் நீதான். மார்கழி விடுமுறைக்கு வருவாயா என்று கேட்க எனக்குத் தகுதியில்லை. வந்தால், முதலில் இருந்து எல்லாவற்றையும் சொல்லு. டீவி போடமாட்டேன்.

கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். நீ வந்து ஒட்டும்வரை வீடு கூரை உடைந்தபடியே இருக்கும், மகள். அதற்கு ஒன்றும் ஆகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ கட்டித் தந்த வீட்டில் உன்னைப் பார்த்திருக்கும்,
அப்பா
இராசலிங்கம்