பாதிப் புளிமாவு

என் செல்விக்கு,

நீ போன பிறகு வரும் முதல் கோடை இது. திருவெறும்பூர் வெயில் எப்படிக் காயும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெயிலைவிட எனக்கு ஃப்ரிட்ஜைத் திறக்கத்தான் பயம். ரொட்டி பொங்குவதற்காக நீ பாட்டிலில் வளர்த்த புளிமாவு அதில்தான் இருந்தது.

நீ தவறிய அன்று வீட்டைக் கழுவிவிட்டு, சமைத்தது அரைத்தது எல்லாவற்றையும் கொட்டினார்கள். பக்கத்து வீட்டு மல்லிகா அந்தப் பாட்டிலையும் மோந்து பார்த்து, "அண்ணே, இந்த மைதா மாவு கெட்டுப்போச்சு, கொட்டிடவா?" என்று கேட்டாள். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். உன் கை பட்டதில் உயிரோடு மிச்சமிருந்தது அது ஒன்றுதானே?

அது பிழைக்க வேண்டுமானால் அவ்வப்போது பாதியை எடுத்துவிட்டு, புது மாவும் தண்ணீரும் சேர்க்க வேண்டும். அந்தப் பாதியில் நீ, ஈஸ்ட் இல்லாமல் புளிப்பிலேயே உப்பும் வெள்ளைக்காரர் ரொட்டியான சவர்டோ சுடுவாய். இரும்புச் சட்டியைத் திறந்ததும் மேல்தோல் படபடவென்று வெடிக்கும். ஆறும்வரை பொறுக்காமல் பிய்த்து, பழைய வத்தக்குழம்பில் தொட்டுத் தின்பேன். "ஏங்க, வெள்ளைக்காரன் பார்த்தா அழுதுடுவான்" என்பாய்.

நீ இல்லாமல் அந்தப் பாதியை எடுக்க எனக்குக் கை வரவில்லை. உன்னையே பாதியாக்குவது போலிருந்தது. எடுக்காமலே மேலே மேலே மாவைப் போட்டு, பெரிய பாட்டிலுக்கு மாற்றினேன்.

போன வாரம் நம் நித்யா கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். "அப்பா, பாதி எனக்குக் குடுங்க" என்றாள்.

"வேணாம்மா, பஸ் சூட்டுல செத்துடும்."

"எனக்கும் அவங்க அம்மாதானேப்பா?"

பாதியை ஒரு டப்பாவில் ஊற்றிக் கொடுத்துவிட்டேன். அவள் போனதும் மிச்சப் பாதியைப் பற்றிப் பயம் பிடித்துக்கொண்டது. கிருமி வந்துவிடுமோ, பூஞ்சை பிடித்துவிடுமோ என்று வேறொரு பாட்டிலைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் போட்டு எடுத்து, ஆறவிடாமல் மாவை அதில் ஊற்றினேன். காலமெல்லாம் பாய்லர் பட்டறையில் வேலை பார்த்தவனுக்குச் சூடு தெரியாதா? தெரியவில்லையே, செல்வி.

மாவு வெந்துவிட்டது. மறுநாளும் ஒரு குமிழி இல்லை. போஸ்டர் ஒட்டும் பசை மாதிரி கிடந்தது. கொன்றுவிட்டேனே என்று வாய்விட்டு அழுதேன். நித்யாவிடம் எந்த முகத்தோடு சொல்வது? அவளுடையதும் போயிருந்தால்? போனைக் கையில் எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தேன்.

இன்று காலை அவளே கூப்பிட்டாள். "அப்பா, அம்மா மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கிட்டு வருதுப்பா! என்ன பண்ணட்டும்?"

சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னேன்: "பாதி எடுத்து வைம்மா. நான் கிளம்பி வரேன்."

அடுத்த பஸ்ஸைப் பிடிக்கப் போகிறேன். பயம் இன்னும் போகவில்லை. ஆனாலும் இனி யார் கேட்டாலும் பாதி கொடுப்பேன் செல்வி, மல்லிகா கேட்டாலும்.

ரொட்டி ஆறப் பொறுக்காத,
உன் வீட்டுக்காரன்