கொள்ளு அடித்த கார்

அன்பு மகன் தனசேகரனுக்கு, அப்பா ராசு சொல்லச் சொல்ல உன் தம்பி வீரமணியின் பெண்டாட்டி கலையரசி எழுதுவது. நீ குவைத்தில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கரியராமன் சாமியை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் கஞ்சி குடிக்கிறோம், படுக்கிறோம், எழுந்திருக்கிறோம், அவ்வளவுதான். உன் அம்மா போய் இன்றோடு நாற்பத்தோரு நாள். மழை இல்லை, கிணற்றில் ஒரு ஆள் மட்டம்தான் தண்ணீர். செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டது, பால் பரவாயில்லை. போனில் பேசினால் தம்பி பேரை எடுத்ததுமே நீ வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். நடுவில் மடக்கி வைக்காமல் கடைசி வரைக்கும் படி.

வீரமணி வீட்டில் இல்லை. காரியம் முடிந்த மறுநாள் நீ போனில் அவனை, 'வண்டியக் கவனிக்காம வுட்டு அம்மாவக் கொன்னுட்டியேடா' என்று கேட்டாயே. அன்றைக்கே கார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனவன்தான். உளுந்தூர்பேட்டையில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறான். ஒரு டிரைவர் வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி விடச் சொன்னதற்கு, 'மூட்ட எவ்ளோன்னாலும் தூக்கறேண்ணே, ஸ்டேரிங்க மட்டும் தொடச் சொல்லாத' என்றானாம். அவன் காரைக் கவனிக்கவில்லை என்று உன்னிடம் சொன்னவன் நான். அது பொய். நடந்ததை இப்போது சொல்கிறேன்.

பொங்கல் கழிந்து பத்தாம் நாள் கொள்ளுச் செடி பிடுங்கி முடித்தோம். எப்போதும் போலத் தார் ரோட்டில் பரப்பினோம். நம் ரோட்டில் பஸ் இரண்டு நடைதான், அது ஏறி மிதித்து எப்போது கொள்ளு உதிர்வது? நம் காரை விடலாமா என்று கேட்டேன். வீரமணி, 'வேணாம்பா, அந்தக் கொள்ளுப் பொட்டுத் தூசு பொல்லாதது, இஞ்சின் உள்ள இழுத்துக்கும், டிராக்டர் வரட்டும்' என்றான். டிராக்டர் ரிப்பேரில் கிடந்தது, நாலு நாள் வராது, வானம் வேறு மூடிக்கொண்டு நின்றது. அந்த நேரம் பார்த்து அவனும் கலையரசியும் ரிஷிவந்தியத்துக்குக் கல்யாணத்துக்குப் போனார்கள். நான் போய்ப் பகலவனைக் கூப்பிட்டேன், அந்த டிராக்டரை ஓட்டுகிற நம் தெருப் பையன்தான். 'குவைத்து காசுல வாங்கின கார்ல கொள்ளு அடிக்கற மொத ஆளு நீதான் மாமா' என்று சிரித்தான். இரண்டு நாள் முழுக்க முன்னே பின்னே, முன்னே பின்னே ஓட்டினான், உன் அம்மா பின்னாலேயே செடியைப் புரட்டிப் போட்டாள். தூசியில் கார் தெரியவில்லை. உன் தம்பி வந்தால் கத்துவான் என்று இஞ்சின் மூடியைத் தூக்கிக் கிணற்று மோட்டார் தண்ணீரைப் பீய்ச்சி உள்ளே வெளியே கழுவினேன். புதுசு மாதிரி ஆக்கிவிட்டேன் என்று எனக்குப் பெருமை. உன் அம்மா, 'அவங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடு' என்றாள். நான் சொல்லவில்லை.

நாலு நாள் கார் கொட்டகையில் நின்றது. ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை, காலையில் பால் கறக்கப் போனவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். 108-க்குப் போட்டால், கீழேயிருந்து வருகிறோம், வெள்ளிமலைக்குக் கொண்டுவாருங்கள் என்றார்கள். நம் ஊர்ப் பள்ளத்திலிருந்து அந்த ஏற்றம் ஏறியாக வேண்டுமே. கல்யாணம் முடிந்து வந்திருந்த வீரமணிதான் ஓட்டினான். சமதளத்தில் ஓடிய கார் ஏற்றத்தில் இழுக்கவில்லை. அமுக்க அமுக்கக் கறுப்புப் புகைதான் வந்தது. டீசலில் தண்ணீரோ என்று வீரமணி கீழே திறந்து பார்த்தான், தண்ணீர் இல்லை. பிரேக் பிடித்துக்கொண்டதோ என்று நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தான், சூடு இல்லை. நானும் கலையரசியும் இறங்கித் தள்ளினோம். மூன்றாவது வளைவில், இரட்டைக் கடுக்காய் மரத்துக்கு நேராக நின்றுவிட்டது. 'இன்னாடா, வந்துட்டமா' என்றாள் உன் அம்மா. 'தோ வந்துட்டம்மா' என்றான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. 108 அங்கேயே இறங்கி வந்தது, அதில் வந்த பிள்ளை அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டான்.

ஏழாம் நாள் நானும் பகலவனும் காரை டிராக்டரில் கட்டி மேலே ஏற்றி, இறக்கத்தில் ஓட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சியில் சுபுஹான் பாய் பட்டறையில் விட்டோம். அவர் இஞ்சினை முறுக்கிப் புகையைப் பார்த்தார். 'டீசல் போவுது பெரியவரே, காத்து போவல. உங்க மூக்கு வாயப் பொத்தி மல ஏறச் சொன்னா ஏறுவீங்களா' என்றார். ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்து, காற்று வடிகட்டுகிற காகிதச் சாமானை எடுத்தார். மடிப்பு மடிப்பாகப் பொட்டும் தூசியும் தண்ணீரில் ஊறிக் காய்ந்து அடை தட்டினது மாதிரி இருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்து, 'கொள்ளு அடிச்சிட்டு தண்ணி வேற காட்டுனீங்களா' என்றார். பகலவன் தரையைப் பார்த்தான். 'தெரியாதுங்க பாய், பையன்தான் ஓட்டறான்' என்றேன். அதை எடுத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார், சீறிக்கொண்டு போனது. புதுசு ஒன்றை மாட்டி மூடினார். கால் மணி நேர வேலை சேகரு. அன்றைக்குச் சாயங்காலம் கார் ஏன் நின்றது என்று நீ போனில் கேட்டாய். 'ஃபில்டரப் பாக்காம வுட்டுட்டான்' என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது, பிறகு மாற்றிச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. காரியம் முடிந்து நீ அவனை ஏசியபோதும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இந்த இடத்தில் கலையரசி பேனாவை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். வெகுநேரம் கழித்து வந்து, 'சொல்லுங்க மாமா, ஒரு எழுத்த மாத்தமாட்டேன்' என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாளைக்கு முதல் பஸ்ஸில் உளுந்தூர்பேட்டை போய் அவனிடமும் என் வாயாலேயே சொல்லப்போகிறேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். நீ எனக்குக் கொள்ளி வைக்க வரமாட்டேன் என்றாலும் சரி, உன் தம்பியை ஏசினது ஏசினபடி இருக்கக்கூடாது. நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் துணி போட்டுக்கொள். நீயும் உன் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். கடிதம் கிடைத்ததும் வீரமணிக்குப் போன் போடு. உன் நம்பர் என்று தெரிந்தால் எடுக்கமாட்டான். எடுக்கிற வரைக்கும் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா ராசு
இடது கைப் பெருவிரல் ரேகை