படத்தில் இருப்பவளுக்கு வேலை கிடைத்துவிட்டது

என் அன்பு வாயாடிக்கு,

நானும் பாப்பாவும் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அந்த வீட்டுப் பெரியவரைக் குனிந்து தூக்காதே என்று எத்தனை முறை சொன்னாலும் நீ கேட்கப்போவதில்லை. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

போனில் சொன்னால் நான் கத்துவேன், நீ அழுவாய். அதனால்தான் கடிதம். நம் பாப்பாவுக்கு வேலை கிடைக்கவில்லை. பஸ் நிறுத்தத்துப் போஸ்டரைப் பக்கத்து வீட்டுக்காரி படம் பிடித்து உனக்கு அனுப்பிவிட்டாள். கம்பெனிக் கோட்டு போட்டுக்கொண்டு பாப்பா பல் தெரியச் சிரிக்கிறாள், தலைக்கு மேலே ‘எனக்கு வேலை கிடைத்துவிட்டது!’ என்று கொட்டை எழுத்து. நீயும் நம்பி, அங்கே எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்து, வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டாய். உன்மேல் தப்பில்லை. இன்று கூப்பிடுவார்கள், நாளை கூப்பிடுவார்கள் என்று நாங்களும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டோம்.

அந்தப் படத்தை உற்றுப் பார். தோள் தையல் கையில் பாதி தூரம் இறங்கிக் கிடக்கிறது. முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்துப் பிடித்திருந்தார்களாம். பயிற்சி வகுப்பில் எல்லாருக்கும் அந்த ஒரே கோட்டுதான். படம் எடுத்ததும் கழற்றி அடுத்தவளுக்கு மாட்டிவிட்டார்கள். தையல்காரன் நான், தையலைப் பார்க்காமல் பிள்ளையின் சிரிப்பைப் பார்த்துப் பூரித்துப்போனேன்.

பயிற்சியைக் குறை சொல்ல முடியாது. ஏசி ரிப்பேரை நன்றாகவே கற்றுக்கொண்டாள். நம் தெருப் பெயரைக் கேட்டதும் முகம் சுளித்து அனுப்பிய இடங்கள் எத்தனை! இந்தப் பயிற்சி நிலையத்தில் அதையெல்லாம் பார்க்கமாட்டார்கள் என்று எவ்வளவு ஆசையாகப் போனாள். அரசு அலுவலகம், கம்பெனி, தொண்டு நிறுவனம் மூன்றும் கைகோத்து ஏழைப் பிள்ளைகளுக்கு வேலை தருகின்றன என்று வாசலில் பேனர் வேறு.

மூன்று வாசலும் ஏறி இறங்கினேன். தொண்டு நிறுவனத்து அம்மா, “பயிற்சி குடுக்கறதோட எங்க வேலை முடிஞ்சுதுங்க, கம்பெனியில கேளுங்க” என்றார். கம்பெனி மேனேஜர், “இப்ப ஆள் எடுக்கறதில்ல, எதுவா இருந்தாலும் அரசு ஆபீஸ்ல பேசிக்குங்க” என்றார். அந்த ஆபீஸ் அதிகாரியோ, “பயிற்சி நடத்த நாங்க இடம் மட்டுந்தான் குடுத்தோம். அதான் போஸ்டர்லயே வந்துட்டாளே, அப்புறம் என்ன?” என்று என்னையே கேட்டார். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டதில், நம் பிள்ளையைப் பிடிக்க அவர்களிடம் ஒரு கை மிச்சமில்லை.

இதைவிடக் கொடுமை கேள். கடைத்தெரு ஏசி மெக்கானிக் ஆள் தேடுகிறார் என்று போய் நின்றாள். “பெரிய கம்பெனியில வேலை கிடைச்ச பொண்ணு, என்னைக் கிண்டல் பண்ண வந்தியா?” என்று சிரித்தே அனுப்பிவிட்டார். இருந்த ஒரு வழியையும் அந்தப் போஸ்டர் அடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்தவள், “படத்துல இருக்கறவளுக்கு வேலை கிடைச்சிருச்சுப்பா. எனக்குத்தான் கிடைக்கல” என்றாள்.

மறுநாள் அவளே பஸ் நிறுத்தத்துக்குப் போய், தன் முகத்துக்குக் கீழே, ‘இன்னும் கிடைக்கவில்லை. ஏசி ரிப்பேர் தெரியும். வேலை இருந்தால் கூப்பிடுங்கள்’ என்று எழுதி, போன் நம்பரும் போட்டுவிட்டு வந்தாள். உன் பிள்ளை அல்லவா! இத்தனை நாள் எட்டிப் பார்க்காத மேனேஜர், வீடு தேடி வந்து தாம்தூம் என்று குதித்தார். கம்பெனி மானம் போகிறதாம். “முதல்ல நீங்க எழுதினதை அழிங்க, அப்புறம் அவ எழுதினதை அழிக்கறேன்” என்று கதவைச் சாத்தினேன். இரண்டு கடைக்காரர்கள் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நிச்சயமில்லை.

ஆகையால் அந்த வீட்டாரிடம் வேலையை விடுவதாக இன்னும் சொல்லவில்லை என்றால், சொல்லாதே. சொல்லிவிட்டாய் என்றால், இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறேன் என்று கேட்டுப் பார். வா என்று எழுத வேண்டிய கையால் வராதே என்று எழுத வைத்துவிட்டார்கள், பாவிகள்.

உனக்கு இரண்டு ரவிக்கைக்குத் துணி எடுத்தேன். வந்ததும் அளவெடுக்கலாம் என்று வெட்டாமல் வைத்திருக்கிறேன். அங்கே யாரையாவது எடுக்கச் சொல்லி அளவை எழுதி அனுப்பு. உன் பழைய அளவு எனக்கு மனப்பாடம்தான். அது இன்னும் சரியாக இருக்குமா என்றுதான் தெரியவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் தையல்காரன்